தாகூர் – ஐன்ஸ்டைன் உரையாடல்கள் (1930): அறிவியலும் பண்பாடும் எதிர்கொண்ட களம்

ஆய்வுச் சுருக்கம்

வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூரும் இயற்பியலறிஞர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் 1930ஆம் ஆண்டில் நிகழ்த்திய உரையாடல்கள் ‘கீழைச் சிந்தனை எதிர் மேலைச் சிந்தனை’ என்றும், ‘குவாண்டம் இயற்பியலை முன்னுணர்ந்த கவிஞரின் குரல்’ என்றும் இருவகையாக எடுத்தாளப்பட்டு வருகின்றன. இவ்விரு வாசிப்புகளும் உரையாடல் பதிவான முறையைக் கருத்திற் கொள்வதில்லை. பதிவின் நம்பகத்தன்மையையும் உரையாடலின் கருத்துநிலைகளையும் ஒருங்கே நோக்கி, எழுத்தாளருடனான உரையாடலை அறிவியல் – பண்பாட்டு ஆய்வுக்கு எவ்வாறு சான்றாகக் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உரையாடல், உண்மை, மெய்ம்மை, காரண – காரியத் தொடர்பு, இராகம், பதிவு.

முன்னுரை

எழுத்தாளர்களோடு நிகழ்த்தப்படும் உரையாடல் தனி இலக்கிய வகையாக வளர்ந்துள்ளது. நூலில் முடிந்த முடிபாக நிற்கும் கருத்து, உரையாடலில் வினாவுக்கு உட்பட்டு, தன்னைத் தானே விளக்கிக்கொள்ள நேர்கிறது. எனினும் உரையாடலைப் பேசியவர் ஒருவர், குறித்தவர் மற்றொருவர், அச்சேற்றியவர் பிறிதொருவர். ஆகவே, உரையாடலில் உள்ள தொடர்களைப் பேசியவரின் எழுத்தாகவே கொண்டு முடிபு கூறுவது பொருந்துமா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவை ஆராய்வதற்குத் தாகூர் – ஐன்ஸ்டைன் உரையாடல்கள் மிகவும் ஏற்றவை.

உரையாடலின் களம்

1930 மே மாதத்தில் ஆக்ஸ்போர்டில் ஹிப்பர்ட் சொற்பொழிவுகளை நிகழ்த்திய பின் தாகூர் ஜெர்மனி சென்றார். போட்ஸ்டாம் நகரை அடுத்த காபுத் என்னும் ஊரில் அமைந்த ஐன்ஸ்டைனின் கோடை இல்லத்தில் சூலை 14 அன்று இருவரும் சந்தித்தனர். அப்போது தாகூருக்கு அகவை 69, ஐன்ஸ்டைனுக்கு 51. இருவரும் நோபல் பரிசு பெற்றிருந்தனர். 1926ஆம் ஆண்டிலேயே ஒருவரையொருவர் அறிந்தும் இருந்தனர். அதே கோடையில் பெர்லினில், மெண்டல் என்னும் பொது நண்பரின் இல்லத்தில் மற்றோர் உரையாடல் நிகழ்ந்தது.

இயற்பியலில் அது கொந்தளிப்பான காலம். ஹைசன்பர்க்கின் நிலையின்மைக் கோட்பாடு 1927இல் வெளிவந்திருந்தது. அணுவுலகில் நிகழ்வுகளை நிகழ்தகவாக மட்டுமே கூறவியலும் என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் நிறைவானதாக ஏற்கவில்லை. காபுத் சந்திப்புக்கு மூன்று மாதங்களுக்குப் பின், 1930 அக்டோபரில் நடைபெற்ற சால்வே மாநாட்டில் போருடன் அவர் இதே பொருள் குறித்து வாதிட்டார். எனவே, ‘மனிதரைச் சாராத உண்மை உண்டா?’ என்பது ஐன்ஸ்டைனைப் பொறுத்தவரை விருந்தினரை மகிழ்விக்க எழுப்பிய வினா அன்று. அவரது ஆய்வு வாழ்வின் நடுவில் நின்ற வினாவாகும்.

உண்மை பற்றிய முரண்

காபுத் உரையாடலில் ஐன்ஸ்டைன் உலகைப் பற்றிய இரு கருத்துகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, உலகம் மனிதகுலத்தைச் சார்ந்த ஒருமை என்பது. மற்றொன்று, உலகம் மனிதக் கூறினைச் சாராத மெய்ம்மை என்பது. தாகூர் முதலாவதன் பக்கம் நிற்கிறார். மனிதர் இல்லாதொழிந்தால் பெல்வதேர் அப்பல்லோ சிலையின் அழகும் இல்லாதொழியுமா என்று ஐன்ஸ்டைன் வினவுகிறார். ஒழியும் என்பதே தாகூரின் விடை. அழகைப் பொறுத்தவரை ஐன்ஸ்டைன் இதனை ஏற்கிறார். உண்மையைப் பொறுத்தவரை மறுக்கிறார். பிதாகரஸ் தேற்றத்தின் உண்மை மனிதர் இருப்பினும் இல்லாவிடினும் நிலைக்கும் என்பது அவர் கொள்கை. அதனைத் தம்மால் நிறுவ இயலாது எனவும், அது தமது சமயம் எனவும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

இங்குக் கருதத்தக்கது தாகூரின் விடையில் உள்ள நுட்பம். வீட்டில் எவரும் இல்லாதபோதும் மேசை இருந்த இடத்தில்தான் இருக்கும் என்று ஐன்ஸ்டைன் கூறும்போது தாகூர் அதனை மறுக்கவில்லை. மேசை தனிமனித மனத்திற்குப் புறம்பானது, ஆனால் பொதுமனத்திற்குப் புறம்பானதன்று என்கிறார். ஆகவே அவர் கூறுவது ‘அவரவர்க்கு அவரவர் உண்மை’ என்னும் கொள்கை அன்று. தனிமனிதரைக் கடந்த ஒரு பொதுமையை அவரும் வேண்டுகிறார். தாளை அரிக்கும் பூச்சிக்கு இலக்கியம் இல்லை, தாள் மட்டுமே உண்டு என்னும் அவரது எடுத்துக்காட்டும் இதையே சுட்டுகிறது. அறியும் உயிரோடு எவ்வகை உறவும் கொள்ளாத ஒன்றை உண்மை எனப் பெயரிட்டழைப்பதில் பொருளில்லை என்பது அவர் துணிபு. அங்ஙனமாயின் தாமே தாகூரினும் மிகுந்த சமயப்பற்றுடையவர் என ஐன்ஸ்டைன் கூறுவது, நகைச்சுவையாயினும், முரணைச் சரியான இடத்தில் சுட்டுகிறது.

காரணமும் இசையும்

பெர்லின் உரையாடல் தற்செயலுக்கும் ஒழுங்குக்கும் உள்ள உறவைப் பற்றியது. அணுக்களின் உலகில் தற்செயலுக்கு இடமுண்டு என்னும் புதிய கருத்தைத் தாகூர் முன்வைக்கிறார். அதனால் காரண – காரியத் தொடர்பு கைவிடப்படுவதில்லை என்கிறார் ஐன்ஸ்டைன். தொலைவில் ஒன்றாகத் தோன்றும் மேகம் அருகில் ஒழுங்கற்ற நீர்த்துளிகளாகக் காட்சியளிக்கிறது என்பது அவர் தரும் உவமை.

தாகூர் இதற்கு இணையை இந்திய இசையில் காண்கிறார். மெட்டும் தாளமும் வரையறை தருகின்றன. அவ்வரையறைக்குள் பாடுவோர் தம் கற்பனையை விரிக்கின்றனர். வங்கக் கீர்த்தனத்தில் பாடுவோர் மூலப்பாடலில் இல்லாத சொற்களையும் இடையிடையே சேர்க்கும் உரிமை பெறுகின்றனர். இத்தகைய உரிமை நிலைபெற வலிமையான கலைமரபு வேண்டும் என ஐன்ஸ்டைன் மறுமொழி கூறுகிறார். வயலின் வாசித்துப் பழகிய அவருக்கு இஃது அயலான பொருள் அன்று.

இராகம் அணுவியலுக்குச் சான்றாகாது. தாகூரும் அவ்வாறு கூறவில்லை. ஒழுங்கும் உரிமையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டுவதில்லை என்பதைத் தம் பண்பாட்டில் வாழும் ஒரு கலையைக் கொண்டு அவர் எண்ணிப் பார்க்கிறார். அறிவியல் எழுப்பிய வினாவைப் பண்பாட்டின் மொழியில் மீண்டும் கேட்பதே இங்கு நிகழ்கிறது.

பதிவின் சிக்கல்

ஐன்ஸ்டைன் ஜெர்மானியத்திலும் தாகூர் ஆங்கிலத்திலும் பேசினர். இடையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தனர். டிமித்ரி மரியானோஃப் எழுதிய பதிவு 1930 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழில் வந்தது. கல்கத்தாவின் மாடர்ன் ரிவியூ 1931 சனவரியில் ஒரு வடிவத்தை வெளியிட்டது. ஹிப்பர்ட் சொற்பொழிவுகளின் நூல்வடிவிலும் (1931) உரையாடல் பின்னிணைப்பாக இடம்பெற்றது. இவ்வடிவங்கள் சொல்லுக்குச் சொல் ஒத்தவை அல்ல. கருத்துப் பரிமாற்றத்தில் நேர்ந்த இடர்ப்பாட்டால் அவ்வுரையாடல் தோல்வியுற்றது என்றும், அது வெளியிடப்பட்டிருக்கக் கூடாது என்றும் ஐன்ஸ்டைன் 1930ஆம் ஆண்டிலேயே ரோமேன் ரோலந்துக்கு எழுதினார்.

பேசியவருள் ஒருவரே மறுத்த பதிவைப் புறந்தள்ளிவிடலாமா? வேண்டியதில்லை. உரையாடலில் சொற்றொடர், உவமை, கருத்துநிலை என மூன்று அடுக்குகள் உள்ளன. சொற்றொடர் மொழிபெயர்ப்பில் எளிதில் சிதைவது. அதனைக் கொண்டு நுண்ணிய முடிபு காணலாகாது. உவமை சற்று உறுதியானது. கருத்துநிலையோ, பேசியவரின் பிற எழுத்துகளோடு ஒப்பிட்டு உறுதிப்படுத்தத்தக்கது. அறிபவரைச் சாராத மெய்ம்மை பற்றிய ஐன்ஸ்டைனின் நிலைப்பாட்டை, 1935இல் பொடோல்ஸ்கி, ரோசன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரை உறுதிசெய்கிறது. தாகூரின் நிலைப்பாட்டுக்கு ஹிப்பர்ட் சொற்பொழிவுகள் சான்றாகின்றன.

தாகூர் குவாண்டம் இயற்பியலை முன்னுணர்ந்தார் என்னும் கூற்று இவ்வளவையில் நிற்பதில்லை. போர் பேசியது அளவீட்டுச் சூழலைப் பற்றி. தாகூர் பேசியது மனிதகுலப் பொதுமனத்தைப் பற்றி. இரண்டும் வேறு. மேலும், 1937இல் தாகூர் வங்க மொழியில் எழுதிய ‘விஸ்வ பரிசய்’ என்னும் அறிவியல் நூல் அணு முதல் விண்மீன் வரை இயற்கையை எளிய மொழியில் விளக்குகிறது. அந்நூல் சத்யேந்திரநாத் போஸுக்குப் படைக்கப்பட்டது. போஸின் 1924ஆம் ஆண்டுக் கட்டுரையை ஜெர்மானியத்தில் பெயர்த்து வெளியிட்டவர் ஐன்ஸ்டைனே. அறிவியலைப் பழைய மரபுக்குள் அடக்கிக் காட்டுவதன்று, தம் மொழிக்குள் கொணர்வதே தாகூரின் நோக்கம் என்பது இதனால் விளங்கும்.

இவ்வுரையாடலைத் தமிழிற் பெயர்ப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. உண்மை, மெய்ம்மை, வாய்மை எனத் தமிழில் பல சொற்கள் உள்ளன. இருவர் கூற்றுக்கும் ஒரே சொல்லை இட்டால் முரண் மறையும். வெவ்வேறு சொற்களை இட்டால் இருவரும் ஒரு பொருளையே விவாதித்தனர் என்பது மறையும். தேர்ந்த சொல்லுக்குரிய காரணத்தை மொழிபெயர்ப்பாளர் கூறியாக வேண்டும்.

முடிவுரை

1. தாகூருக்கும் ஐன்ஸ்டைனுக்கும் இடையிலான முரண் கீழை – மேலை முரண் அன்று. உண்மை அறிபவரைச் சார்ந்ததா என்னும் மெய்யியல் முரணாகும். ஐரோப்பிய இயற்பியலாரிடையேயும் மெய்ம்மை பற்றிய விவாதம் அக்காலத்தில் நிகழ்ந்தது.

2. இருவரும் தனிமனிதரைக் கடந்த உண்மையை வேண்டினர். அது மனிதகுலத்தையும் கடந்ததா என்பதிலேயே வேறுபட்டனர்.

3. உரையாடற் பதிவைச் சொற்றொடர், உவமை, கருத்துநிலை எனப் பகுத்து, பிற எழுத்துகளோடு ஒப்பிட்ட பின்னரே சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

4. உரையாடல் உடன்பாட்டில் முடியவில்லை. எனினும் ஒருவர் தம் கொள்கையை நிறுவ இயலாது என ஒப்பியதும், மற்றவர் தம் கலைமரபைக் கொண்டு அறிவியலின் வினாவை எதிர்கொண்டதும் நூல்களில் அரிதாகவே காணக்கிடைப்பன. பதிவில் குறையிருப்பினும் இவ்வுரையாடல்கள் மீண்டும் பயிலத்தக்கனவாக நிற்பதற்கு அதுவே காரணம்.