நன்றாகப் போகும் ஆட்டத்தில் மனம் தடுமாறுவது ஏன்?



எமது சங்கத்தில் பலர் ஐம்பது வயதை அண்டிய பின் கோல்ஃப் விளையாடத் தொடங்கியிருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். சென்ற கோடையில் ஒருநாள், 14 குழிகள் வரை என் வாழ்நாளிலேயே சிறந்த ஆட்டம். கூட வந்த நண்பர், "டொக்டர், இண்டைக்கு 90க்குள்ள முடிக்கப் போறியள்" என்றார். அடுத்த இரண்டு பந்துகளும் குளத்துக்குள் போயின!

பெரிய வீரர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2011 மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளை ரோரி மக்கில்ரோய் 4 அடிகள் முன்னிலையில் தொடங்கினார். 4 அடிகளில் முடிக்க வேண்டிய 10ஆவது குழிக்கு 7 அடிகள் எடுத்தார். அன்று மொத்தம் 80 அடிகள், வெற்றி கைநழுவியது. ஆனால் இரண்டு மாதங்களில் யூ.எஸ். ஓப்பனை 8 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். 2025இல் மாஸ்டர்ஸையும் வென்றார்.

உடலில் நடப்பது என்ன? இறுதி எண்ணிக்கையை நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இருதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோளும் கைகளும் இறுகுகின்றன. அதோடு, கை தானாகச் செய்யும் அசைவை மனம் கண்காணிக்கத் தொடங்குகிறது. படியிறங்கும்போது ஒவ்வொரு காலடியையும் யோசித்தால் தடுமாறுவோம் அல்லவா? அதுபோலத்தான்.

இவற்றைக் கடைப்பிடித்துப் பாருங்கள்:

1. நான்கு மணி நேரமும் மனதைக் குவிக்க முயலாதீர்கள். ஓர் அடிக்கு அரை நிமிடம் என்றால் 90 அடிகளுக்கு 45 நிமிடங்களே தேவை. மற்ற நேரத்தில் மரங்களைப் பாருங்கள், கதையுங்கள்.

2. ஒவ்வோர் அடிக்கு முன்பும் ஒரே ஒழுங்கு: இலக்கைப் பாருங்கள், ஒருமுறை மட்டையை வீசிப் பாருங்கள், மூச்சை நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், பிறகு அடியுங்கள்.

3. புள்ளிகளை எழுதுங்கள், இறுதிவரை கூட்டிப் பார்க்காதீர்கள்.

4. தவறிய அடியைப் பற்றிய கவலையை, அடுத்த பந்தை அடைவதற்குள் விட்டுவிடுங்கள்.

ஒரு வைத்தியராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைநடுக்கம், வியர்வை, எரிச்சல், கவனக் குறைவு எல்லாமே பதற்றமாக இருக்க வேண்டியதில்லை. இன்சுலின் அல்லது கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கு, நீண்ட நடையில் குருதிச் சீனி இறங்கலாம். ஆட்டத்திற்கு முன் பரிசோதியுங்கள். சோதிக்கும் கருவியையும் குளுக்கோஸையும் பையில் வையுங்கள். அளவு 4க்குக் கீழே (சில நாடுகளின் அளவில் 70) என்றால் உடனே 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் அல்லது ஒரு சிறு கிளாஸ் பழச்சாறு எடுங்கள். 15 நிமிடங்களின் பின் மீண்டும் சோதித்து, சீனி ஏறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தி அவசர உதவியை அழையுங்கள். "இன்னும் மூன்று குழிதானே" என்று தொடராதீர்கள்.

கூட விளையாடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நண்பர் நன்றாக ஆடும்போது அவருடைய எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். அவருக்கு நடுக்கம் கண்டால் மட்டும், சீனியைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.