பேசும் பெட்டியை ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமா?

பால் கறக்கும் நேரத்தில் இரண்டு கைகளும் ஈரமாக இருக்கும். மடியைக் கழுவி, கறந்து, அளந்து முடிக்கும் வரை கைப்பேசியைத் தொட முடியாது. கறவைக் கணக்கைக் கூட்டிச் சொல்லவும், சொட்டுநீர்ப் பாசனத்தில் வால்வு மாற்றும் நேரத்தை நினைவூட்டவும் பயன்படும் ஸ்மார்ட் ஸ்பீக்கர் என்னும் பேசும் பெட்டி இப்போது சில விவசாயிகளின் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. நான் பார்த்த வீடுகளில் எல்லாம் வெளியூரில் வேலை செய்யும் மகனோ மகளோ வாங்கித் தந்ததுதான்.

அவர்கள் சொல்லும் குறை ஒன்றே. "ஒவ்வொரு கேள்விக்கும் அலெக்சா, அலெக்சா என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. மாட்டைக் கூட இத்தனை தரம் கூப்பிட்டதில்லை" என்றார் ஒரு பெரியவர். இக்குறையைப் பெருமளவு நீக்கிக்கொள்ளலாம். ஆனால் பெயர் சொல்லி அழைக்கும் ஏற்பாடு எதற்காக உள்ளது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல் நல்லது.

இப்பெட்டியின் மைக் எப்போதும் திறந்தே இருக்கும். தன் பெயர் காதில் விழுகிறதா என்பதை மட்டும் அது பெட்டிக்குள்ளேயே சோதித்துக்கொண்டிருக்கும். பெயர் கேட்டதும் நீல விளக்கு எரியும். அதன் பின்னர் நாம் பேசுவது இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குச் சென்று, அங்கிருந்து பதில் வரும். ஆகவே பெயர் என்பது களத்து வாசலில் வைத்த படல் போன்றது. படலை எடுத்து வைத்தால் நமக்கு நடமாட வசதிதான். ஆடு மாடுகளுக்கும் அதே வசதி உண்டு.

தொடர்ந்து பேசும் வசதி

அமேசான் நிறுவனம் தன் எக்கோ பெட்டிகளுக்கு 2018ஆம் ஆண்டில் 'ஃபாலோ அப் மோட்' என்னும் வசதியைக் கொடுத்தது. இதைப் போட்டுவிட்டால், முதல் கேள்விக்கு மட்டும் பெயர் சொன்னால் போதும். பதில் சொல்லி முடித்த பின் சுமார் 5 விநாடி நீல விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதற்குள் அடுத்த கேள்வியைப் பெயர் சொல்லாமலே கேட்கலாம். பேச்சு இல்லையென்றால் விளக்கு தானே அணைந்துவிடும். 'தேங்க் யூ' என்றாலும் பேச்சை முடித்துக்கொள்ளும்.

கடையிலிருந்து வரும்போது இவ்வசதி போடப்பட்டிருக்காது. கைப்பேசியில் உள்ள அலெக்சா செயலியைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் உங்கள் பெட்டியைத் தேர்ந்து, அதன் செட்டிங்ஸில் இப்பெயரைத் தேட வேண்டும். செயலியின் தோற்றம் அவ்வப்போது மாறுவதால், படித்த பிள்ளைகளை அருகில் வைத்துக்கொள்வது நலம். வீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இவ்வசதி வேலை செய்யாது. அப்போது வழக்கம்போல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

கூகுள் நிறுவனமும் அதே 2018இல், முதலில் அமெரிக்க ஆங்கிலத்துக்கு, இதே போன்ற வசதியைத் தந்தது. கூகுள் பெட்டியில் மணி அடிக்கும்போது பெயர் சொல்லாமல் 'ஸ்டாப்' என்றாலே நிறுத்தும்படியும் 2019இல் செய்தார்கள்.

என் வீட்டுத் தாழ்வாரத்தில் இவ்வசதியைப் போட்டுப் பார்த்தேன். கறவைக் கணக்குக்கு மிகவும் உதவியாக இருந்தது. ஆனால் பதில் வந்த அந்த 5 விநாடிக்குள் என் மனைவி பக்கத்து வீட்டம்மாளிடம் உளுந்து விலை பேச, பெட்டி அதையும் தன்னிடம் கேட்டதாக எடுத்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கிவிட்டது. ஆட்கள் நடமாட்டம் உள்ள இடத்தில் இப்படி நேரும்.

பேசாமலே இயக்க

எக்கோ டாட் போன்ற பெட்டிகளின் தலையில் புள்ளிக் குறியிட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை ஒரு முறை அழுத்தி விட்டால், பெயர் சொன்னதற்குச் சமம். கை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு அழுத்துங்கள். நெடுநேரம் அழுத்திப் பிடிக்கக் கூடாது. பெட்டி புதிதாக இணைப்புத் தேடும் நிலைக்குப் போய்விடும்.

என்னைக் கேட்டால், அன்றாடம் ஒரே நேரத்தில் செய்யும் வேலைக்குப் பேச்சே தேவையில்லை. அலெக்சா செயலியில் 'ரொட்டீன்' என்ற பகுதி உண்டு. விடியற்காலை 4.30க்குத் தொழுவ விளக்கு எரிய வேண்டும், 6.30க்கு அணைய வேண்டும் என்று அதில் ஒரு முறை குறித்து வைத்தால் தினமும் நடக்கும். விளக்கு ஸ்மார்ட் பிளக்கில் இருக்க வேண்டும். வால்வு மாற்றும் நேரத்துக்கு டைமர்களைப் பெயரிட்டு, 'வால்வ் ஒன்' 40 நிமிடம், 'வால்வ் டூ' 40 நிமிடம் என்று தொடர்ந்து வைக்கலாம். மின்சாரம் நின்றால் எக்கோ டாட் பெட்டியும் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மோட்டாருக்கு வேண்டாம்

அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரில் 2018இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் வீட்டுத் தரைக்கு மரப்பலகை பதிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பேச்சு பதிவாகி, கணவரிடம் வேலை பார்த்த ஒருவருக்குச் சென்றுவிட்டது. அமேசான் கொடுத்த விளக்கம் இது: பேச்சில் வந்த ஏதோ ஒரு சொல் 'அலெக்சா' என்று கேட்டிருக்கிறது, அடுத்து வந்தது 'மெசேஜ் அனுப்பு' என்று கேட்டிருக்கிறது. "யாருக்கு?" என்று பெட்டி கேட்டதற்கும், "இன்னாருக்குத்தானே?" என்று மறுபடி கேட்டதற்கும் பின்னணிப் பேச்சையே விடையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. பெயர் தேவைப்பட்டது முதல் முறை மட்டுமே என்பதைக் கவனியுங்கள்.

அங்கே போனது ஒரு பேச்சு. நம் கிணற்றில் போவது உயிராக இருக்கலாம். பிளக்கும் விளக்கும் யார் குரலுக்கும் இயங்கும். சிறு பிள்ளை சொன்னாலும் போதும். ஃபுட் வால்வைச் சரிசெய்ய ஒருவர் கிணற்றில் இறங்கியிருக்கும்போது, வீட்டுத் தாழ்வாரத்தில் நடக்கும் பேச்சு மோட்டாரைப் போட்டுவிடலாம் என்னும் நிலை கூடவே கூடாது. 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டாரை வீட்டு ஸ்மார்ட் பிளக்கில் மாட்டவே முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் ஸ்டார்ட்டரின் காயிலுக்கு மட்டும் பிளக் வழியாக மின்சாரம் கொடுத்து வாய்ப்பேச்சால் இயக்க முயன்றதை நான் ஓரிடத்தில் கண்டேன். உடனே கழற்றச் சொன்னேன். தீவனப்புல் நறுக்கும் இயந்திரத்துக்கும் இது பொருந்தும். இவற்றுக்குக் கையால் போடும் ஸ்விட்சே ஏற்றது.

வாய்ப்பேச்சால் பொருள் வாங்கும் வசதியையும் செயலியில் அணைத்துவிடுங்கள். வேண்டும் என்றால் 4 இலக்க ரகசிய எண் வைத்துக்கொள்ளுங்கள். நில விவகாரமோ பணம் கொடுக்கல் வாங்கலோ பேசும்போது மைக் பொத்தானை அழுத்திச் சிவப்பு விளக்கு எரியச் செய்தால், மறுபடி அழுத்தும் வரை பெயர் சொன்னாலும் அது கேட்காது.