அலசினால் போகாதது

அன்புள்ள நித்யா,

உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் கீரையை அலசினால் போதுமா என்று கேட்டிருந்தாய். மண், பூச்சி போய்விடும். மேலே தெளித்த மருந்தும் ஓரளவு போகும். ஆனால் வேர் வழியாக இலைக்குள் ஏறியது போகாது. அதில் நான் முதலில் கவலைப்படுவது காட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பற்றித்தான்.

அதை யாரும் வேண்டுமென்று மண்ணில் போடுவதில்லை. உரத்தோடு சேர்ந்து வருகிறது. சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. போன்ற உரங்கள் எல்லாம் பாறை பாஸ்பேட்டிலிருந்து வருபவை. மொராக்கோவில் கிடைப்பதுபோலப் பழங்காலக் கடலடியில் படிந்த பாறையில் காட்மியம் பெரும்பாலும் அதிகம். ரஷ்யாவின் கோலா பகுதிப் பாறை எரிகுழம்பு இறுகியது, அதில் குறைவு. காட்மியம் ஒரு தனிமம், மக்கி மறையாது. நியூசிலாந்தில் நவ்ரு தீவுப் பாறையில் செய்த சூப்பர் பாஸ்பேட்டைப் பல காலம் மேய்ச்சல் நிலத்தில் தூவினார்கள். புல்லிலிருந்து காட்மியம் ஆடுகளின் சிறுநீரகத்தில் போய்த் தங்கியது. இரண்டரை வயது தாண்டிய ஆட்டின் சிறுநீரகத்தை உணவுக்கு விற்கக் கூடாது என்ற நிலை அங்கே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் இத்தகைய உரங்களில் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு 60 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு கட்டியது.

இதில் கீரை ஏன் முதலில் மாட்டுகிறது? செடிக்குத் துத்தநாகம் வேண்டும். காட்மியம் கிட்டத்தட்ட அதே சாயல். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரோ என்று நினைத்து யாரையோ பந்தியில் உட்கார வைப்பதுபோல, வேர் அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. வேர் உறிஞ்சும் நீரோடு மேலேறி இலையில் தங்கிவிடும். பசலை, லெட்டூஸ் நிறைய வாங்கிக்கொள்ளும். பீன்ஸ், பட்டாணி குறைவுதான். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி இலைக் காய்கறியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வரை இருக்கலாம். நம் சிறுநீரகத்தில் சேர்ந்தது பாதியாகக் குறையவே பத்தாண்டுக்கு மேல் ஆகும். அதனால் ஒரு நாள் கீரைக்குப் பயப்படாதே. தினமும் ஒரே மண்ணிலிருந்து பறித்துச் சாப்பிடுவதைத்தான் யோசிக்க வேண்டும்.

இனி உன் மொட்டை மாடிக்கு வருவோம். குப்பை உரம் நல்லதுதான், பிரிக்காத குப்பையில் செய்ததாக இல்லாவிட்டால். பழைய பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் கலந்த குப்பையிலிருந்து நல்ல உரம் எங்கே வரும்? நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்ட்டில் கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமையும் ஈயம் 100 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. மூட்டை வாங்கும்போது ஆய்வறிக்கை கேள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

மண் புளித்திருந்தால் காட்மியம் சுலபமாகக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். பி.எச். 6-க்குக் கீழே போனால் கொஞ்சம் சுண்ணாம்பு கல. உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரையும் கீரைக்கு ஊற்றாதே. அதிலுள்ள குளோரைடு காட்மியத்தை மண்ணிலிருந்து இளக்கிக் கொடுக்கும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் கீரைக்கு அதுதான் முதல். பெயர், முகவரி எதுவும் இல்லாமல் மாடியில் கிடக்கிறதே அந்த உர மூட்டை, அதைக் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் போட்டுவிடு.

அன்புடன்,
பெரியப்பா