மாதவிலக்கு நின்றபின் உடற்பருமன்: நோன்பும் உணவும்



நாற்பத்தைந்து வயதைக் கடந்த நம் பெண்மணிகள் இருவர் சந்தித்தால், நலம் உசாவியபின் நிகழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றே. "உண்பது முன்னைவிடக் குறைவுதான்; ஆயினும் இரவிக்கை எல்லாம் இறுகிப் போயிற்று" என்பர். இக்கூற்றில் பொய்யில்லை. ஆனால் அதற்கு நாம் மேற்கொள்ளும் பரிகாரம் பலவேளைகளில் பிழையாகிவிடுகின்றது. அப்பிழையை நானும் செய்தவள் ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

மாதவிலக்கு நிற்றல் நோயன்று. தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் விலக்கு வாராதிருப்பின் நின்றுவிட்டது எனக் கொள்வது மருத்துவ வழக்கு. மேலைநாட்டுப் பெண்டிர்க்கு இது ஏறத்தாழ 51 வயதில் நேர்கின்றது. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே நேர்ந்துவிடுகின்றது. சூலகத்தில் சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் அப்போது வெகுவாகக் குறைகின்றது. அதுகாறும் தொடையிலும் இடுப்பின் பக்கங்களிலும் படிந்த கொழுப்பு, இனி வயிற்றினுள் குடலைச் சூழ்ந்து படியத் தொடங்கும். நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிகோலுவது இவ்வயிற்றுக் கொழுப்பே.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. அமெரிக்கப் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த 'சுவான்' என்னும் ஆய்வின் முடிவொன்று 2019-இல் வெளிவந்தது. இறுதி விலக்கிற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் முன்பிருந்தே கொழுப்புச் சேரும் வேகம் கூடுகின்றது. தசை குறையத் தொடங்குகின்றது. ஆனால் மொத்த எடையில் அவ்வாறு திடீர் ஏற்றம் காணப்படவில்லை. அஃதாவது, ஒரு பக்கம் வரவும் மறு பக்கம் செலவும் நிகழ, எடைக்கருவி நமக்கு உண்மையை மறைத்துவிடுகின்றது.

ஆகவே எடைக்கருவியோடு தையல் நாடாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்பிற்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிற்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பது, விடைத்தாளைத் தாமே திருத்திக்கொள்வது போன்றது! நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது 31½ அங்குலம், எல்லை என வகுத்துள்ளனர். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையினர். விலக்கு நிற்குமுன்பே இந்நிலை எனின், பின்னர் எவ்வாறிருக்கும் என்பதை நாமே உய்த்துணரலாம்.

இனி என் பிழையைக் கூறுகின்றேன். எனக்கு விலக்கு நின்றபோது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியொன்றில் பணியாற்றி வந்தேன். உடல் பருத்தது கண்டு வெட்கி, அஷ்டமி, சதுர்தசி நாள்களில் நோற்றுவந்த உபவாசத்தோடு வாரத்தில் மேலும் இரு நாள் சேர்த்துக்கொண்டேன். நான்கு திங்களில் ஐந்து கிலோ குறைந்தது. பெரிதும் மகிழ்ந்தேன். ஒரு நாள் மாணவியரோடு தரையில் அமர்ந்து பாடக்கருவிகள் செய்துவிட்டு எழ முயன்றபோது, கால்கள் எழவில்லை. இரு மாணவியர் கைகொடுத்துத் தூக்கினர். "நீங்கள் குறைத்தது கொழுப்பை மட்டுமன்று, அம்மா, தசையையும் சேர்த்தே குறைத்துவிட்டீர்கள்" என்றார் மருத்துவர். ஓராண்டுக்குள் எடை திரும்ப வந்தது, வலிமை வரவில்லை.

வினை நீங்க நோற்கும் நோன்பு வேறு. இடுப்பைக் குறைக்கக் கிடக்கும் பட்டினி வேறு. இரண்டனையும் நான் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டேன். மேலும், பாரணை நாளில் நெய்ப்பொங்கலும் பாயசமுமாக முன்னாள் விட்டதை ஈடுசெய்துவிடுவதும் நம் வழக்கம் அன்றோ? புறத்தவம் ஆறனுள் அனசனத்தை மட்டும் நாம் நினைவிற் கொள்கிறோம். அடுத்து நிற்கும் அவமோதரியம், அதாவது வயிறு நிறையுமுன் கைகழுவும் குறையுண்டல், நாள்தோறும் இயல்வது. சுவை துறத்தலும் அவ்வாறே. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி என்பதை அறிந்தால், தாளிக்கும் கை தானே சுருங்கும்.

இரா உணவு நீத்தல் நமக்கு வாய்த்த நற்பழக்கம். ஆனால் கார்த்திகையில் ஐந்தே முக்கால் மணிக்கு முன்பே கதிரவன் மறைகின்றான். நான்கு மணிக்குச் சிற்றுண்டி, ஐந்தேகாலுக்குச் சோறு என ஒன்றேகால் மணி இடைவெளியில் இரு வேளை உண்போமாயின், மாலையோடு நிறுத்துவதால் பயன் என்ன? அச்சிற்றுண்டியை விடுத்து, அதனையே மாலை உணவாகக் கொள்வது எளிது.

எதைக் குறைக்கலாகாது என்பதே முதன்மை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவுப்படி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 46 கிராம். மூன்று இட்டலியில் கிடைப்பது 6 கிராம் அளவே. 50 கிராம் கொண்டைக்கடலையை வேகவைத்தால் 9 கிராம் கிடைக்கும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, பால், தயிர் எனப் பிரித்து ஒவ்வொரு வேளையிலும் கொள்க. முளைகட்டிய பயறு நம்மில் பலர் உண்பதில்லை. அதனால் குறையொன்றுமில்லை, ஊறவைத்து வேகவைத்ததே போதும். வெந்நீரில் தேன் கலந்து பருகினால் இளைக்கலாம் என்று எழுதுகின்றார்கள். தேன் நமக்கு விலக்கு. அன்றியும் அதுவும் சர்க்கரையே. சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

உண்ட புரதம் தசையாக வேண்டுமாயின் உழைப்பு வேண்டும். பணிக்காலத்தில் திருவாலங்காட்டிலிருந்து ரயிலேறிச் சென்று வந்தேன். பேருந்து தவறிய நாளில் நிலையம் வரை நடையே. ஓய்வு பெற்றதும் அந்நடை நின்றது. இரண்டே ஆண்டில் இடுப்பு இரண்டங்குலம் பெருத்தது. இப்போது கோயில் மதிலை ஒட்டிய வீதிகளில் காலையில் அரை மணி நடக்கின்றேன். வாரம் 150 நிமிடமேனும் நடையும், இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. பின்னதை நாம் அறவே மறந்துவிடுகிறோம். கைப்பிடியற்ற நாற்காலியொன்றைச் சுவரோடு சார்த்தி, கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமருங்கள். ஐந்தில் தொடங்கினாலும் இழுக்கில்லை.

விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் சிறிதளவு உதிரம் கண்டாலும், வெட்கத்தால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எடை காரணமின்றி ஏறினும் இறங்கினும் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் சோதித்தல் நன்று.

இனி, இதனை வாசிக்கும் ஆடவர்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பருப்பும் கூட்டும் உங்கள் இலைகளுக்குப் பரிமாறப்பட்டபின், அடுக்களையில் கடைசியாக அமரும் தாய்க்கு எஞ்சுவது பெரும்பாலும் சோறும் ரசமும்தான். பசி தீரச் சோற்றையே கூட்டிக்கொள்வாள். எங்கள் வீட்டில் இப்போது என் மருமகள், பந்தி தொடங்குமுன்பே இரு கிண்ணங்களில் சுண்டலை எடுத்து மூடிவைத்துவிடுகிறாள். ஒன்று எனக்கு, மற்றொன்று அவளுக்கு. அவளுக்கும் நாற்பத்துமூன்று ஆகிறது.