மழைப் பாட்டு எந்தப் பொழுதுக்கு?

அன்புள்ள தம்பிக்கு,

வாராவாரம் இயற்கை பற்றிய இசை நிகழ்ச்சி செய்யப்போவதாக எழுதியிருந்தாய். கூட அனுப்பிய பட்டியலில் மழை என்று வரும் பாட்டு 11, நிலா என்று வருவது 9. சொல்லைத் தேடிச் சேர்த்திருக்கிறாய், பொழுதைத் தேடவில்லை.

தொல்காப்பியத்தை எடுத்துப் பார். முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடு, பாலைக்கு நண்பகல். கருப்பொருளில் பறையும் யாழும்கூட உண்டு. நிலத்தையும் நேரத்தையும் இசையையும் நம் முன்னோர் ஒரே கணக்கில் வைத்தார்கள். நிகழ்ச்சி அட்டவணை போடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய கொடை ஏது? உன் ஒலிபரப்பு அந்தி ஆறு மணிக்கு. அப்படியானால் அது முல்லையின் நேரம். காத்திருப்பின் இசையாகத் தேடு.

மழைக்கு அமிர்தவர்ஷிணியை எடுத்துக்கொள். ரியும் தவும் இல்லாத, ஐந்தே சுரங்கள் உள்ள ராகம். எட்டயபுரத்து வறட்சியில் முத்துசுவாமி தீட்சிதர் இதைப் பாடி மழை வரவழைத்தார் என்று கதை சொல்வார்கள். முதலில் வீணையில் ஓர் ஆலாபனை. அது அடங்கியதும், 1988இல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்துக்கு இளையராஜா இதே ராகத்தில் அமைத்த பாட்டு. நடுவில் பேசாதே. ராகத்தின் பெயரை இரண்டும் முடிந்தபின் சொல். கேட்பவர் காதே முதலில் கண்டுபிடிக்கட்டும்.

இடி, குயில் என்று ஒலித்துணுக்குகளை அள்ளிப் போடாதே. பீத்தோவனின் ஆறாம் சிம்பொனியில் (1808) இராப்பாடி, காடை, குயில் மூன்றும் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் வழியே கூவுகின்றன. ஆனால் இரண்டாம் பகுதியின் கடைசியில், சில நொடிகள் மட்டும். காட்சியை வரைவதைவிட உணர்வைச் சொல்வதே தன் நோக்கம் என்று அவரே குறித்திருக்கிறார்.

ஒன்று சொல்கிறேன், இன்னும் உறுத்துகிறது. ஒரு கார்த்திகை மாலை, முன்பே பதிவு செய்து வைத்திருந்த மழைக் கொண்டாட்டத்தை அப்படியே ஒலிபரப்பினேன். அந்த வாரம் எங்கள் பக்கத்து வயல்களில் கதிர் தண்ணீருக்குள் கிடந்தது. மூன்றாம் நாள் ஓர் அஞ்சலட்டை வந்தது: "ஐயா, இங்கே மழையை யாரும் பாடவில்லை."

அதனால் ஒவ்வொரு வாரத்துக்கும் இரண்டு பட்டியல் எழுதி வை. கியூ ஷீட்டில் நேரத்துக்குப் பக்கத்திலேயே வானிலைக்கும் ஒரு கட்டம் போடு. ஸ்டுடியோவுக்குள் நுழையும் முன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து அதை நிரப்பு. திருத்திய பட்டியலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்