பாதியில் மூடிய புத்தகங்கள்

நம் வீடுகளில் இரண்டு வகைப் புத்தகங்கள் உண்டு. படித்து முடித்தவை ஒரு வகை. ஆசையாக வாங்கி, இருபது முப்பது பக்கம் படித்து, பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்து மூடியவை இன்னொரு வகை. வீடு மாறும்போதும், பெரியவர்கள் காலமான பிறகு அலமாரியை ஒழிக்கும்போதும் பழைய பேப்பர்காரரின் தராசில் முதலில் ஏறுவது இந்த இரண்டாவது வகைதான்.

ஆரியசாலையில் குடியிருக்கும் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகள் பலர் மலையாளமும் ஆங்கிலமும் படித்து வளர்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்குவார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு தமிழ்ப் புத்தகம் வெளியே போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வருவது அரிது. ஆகவே, பாதியில் விட்ட புத்தகத்தை மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் தேவை என்று நினைக்கிறேன்.

மறுபடி எடுத்தால் மட்டும் போதாது. முன்பு எதனால் நின்றது என்று பார்த்து, அந்த ஒன்றை மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். திருவனந்தபுரத்தோடு தொடர்புடைய சில நூல்களையே எடுத்துக்காட்டாக வைத்து இதை விளக்குகிறேன்.

சொல் தடுத்தால்

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, திவான் இராஜா கேசவதாசர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. ஆரியசாலை அதன் ஒரு பகுதி. இந்தக் கடைத்தெருவில் பல ஆண்டுகள் பாத்திரக் கடை நடத்திக்கொண்டே எழுதியவர் ஆ. மாதவன் (1934–2021). அவருடைய ‘கடைத்தெருக் கதைகள்’ 1974இல் வெளிவந்தது. ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரை நூலுக்காக 2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். மதுரையிலிருந்து மருமகளாக வந்த பெண், கடைத்தெருக் கதைகளைப் பத்துப் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். மலையாளம் கலந்த பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. சில ஆண்டுகள் கழித்து, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அம்மா வாசிப்பார்; அம்மாவுக்குப் புரியாத சொல்லுக்கு மகள் பொருள் சொல்வாள். மகளுக்கோ தமிழ் எழுத்து தடுமாறும். அதை அம்மா திருத்துவார். ஒரே புத்தகத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியரானார்கள். “இது நம்ம கடைத்தெருதானே அம்மா?” என்று அந்தக் குழந்தை கேட்டதாக அவர் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

நாம் வீட்டில் பேசும்போதே ‘மதி’ என்றும் ‘கொள்ளாம்’ என்றும் வந்துவிடுகிறதல்லவா? அந்தப் பேச்சு புத்தகத்தில் வரும்போது மட்டும் அந்நியமாகத் தோன்றுவது, நாம் அச்சில் வேறொரு தமிழைப் பார்த்துப் பழகியதால்தான்.

நடை மெதுவாக இருந்தால்

நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ (1970) நம் நகரத்தின் நாவல். அனந்தன் நாயர் என்ற மனிதர், தம்மை விட்டுப் பிரிந்த மனைவியையும் கடந்துபோன வாழ்க்கையையும் நினைத்தபடி இந்த ஊரில் அலைகிறார். சம்பவங்கள் குறைவு, நினைவுகள் அதிகம். ‘அடுத்து என்ன?’ என்று பக்கம் புரட்டுகிறவர்களுக்குப் பொறுமை போய்விடும்.

இதற்கு நான் சொல்லும் வழி எளியது. ஒரு நாளில் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்காதீர்கள். படித்த பிறகு, முடிந்தால் மாலையில் ஆரியசாலையிலிருந்து பத்மநாபசுவாமி கோயில் வரை நடந்துவிட்டு வாருங்கள். நடந்துதான் போக முடிகிற தூரம். நாவலின் வேகம் நடக்கிறவனின் வேகம் என்பது அப்போது தெரியும். வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பத்தார் இதைப் படித்தால், ஊரை நினைவில் நடந்து பார்க்கலாம்.

வாசல் சரியில்லை என்றால்

கும்பகோணத்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர் நகுலன் (1921–2007). இயற்பெயர் டி.கே. துரைசுவாமி. இங்குள்ள மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். ‘நினைவுப்பாதை’ போன்ற அவருடைய நாவல்களில் தொடக்கம், சிக்கல், முடிவு என்ற வரிசையைத் தேடினால் கிடைக்காது. நாவலில் தொடங்கி நின்றவர்கள் முதலில் அவருடைய சிறு கவிதைகளைப் படிக்கலாம். சில வரிகளே உள்ளவை. குழந்தைகூட வாய்விட்டுச் சொல்லலாம். அந்தக் குரல் பழகிய பிறகு நாவலுக்குத் திரும்பினால் அது பழைய நண்பரின் பேச்சைப் போலக் கேட்கும். ஓர் எழுத்தாளரின் ஒரு நூல் திறக்காவிட்டால், அவருடைய வேறொரு நூலின் வழியாக உள்ளே போவது குற்றமல்ல.

செய்யுள் பயமுறுத்தினால்

பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) இங்குள்ள மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய ‘மனோன்மணீயம்’ 1891இல் வெளிவந்தது. அதிலுள்ள வாழ்த்துப் பாடலின் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் மாநிலப் பாடலாகவும் அறிவித்தது. அந்த வரிகள் நம்மில் பலருக்கு மனப்பாடம். அதற்குப் பின்னால் 5 அங்கங்களும் 20 களங்களும் கொண்ட ஒரு முழு நாடகம் இருக்கிறது என்பதை எத்தனை பேர் படித்துப் பார்த்திருக்கிறோம்?

கதையைக் கேளுங்கள். மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்கு வந்து கோட்டை கட்டிய பாண்டியன் ஜீவகன், தன் மகள் மனோன்மணியை மணம் பேச, திருவனந்தபுரத்திலிருக்கும் சேரமன்னன் புருடோத்தமனிடம் தூது அனுப்புகிறான். அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியால் மணப்பேச்சு நாஞ்சில் நாட்டைப் பற்றிய சண்டையாக மாறிவிடுகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நம் முன்னோர் பலர் பிழைப்புக்காக எந்தத் திசையில் வந்தார்களோ, அதே திசையில்தான் அந்தத் தூதும் வந்தது! நம் கதைதான் என்று தெரிந்தால் செய்யுளின் பயம் பாதி குறையும்.

மீதிப் பாதிக்கு ஒரு வழி உண்டு. இதைத் தனியாக, மௌனமாகப் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு களம் மட்டும் எடுத்து, தாத்தா ஜீவகன், அப்பா குடிலன், மகள் வாணி என்று பிரித்துக்கொண்டு உரக்க வாசியுங்கள். உரையுள்ள பதிப்பாக இருந்தால் நல்லது. கண்ணுக்கு முரடாகத் தெரிந்த வரி காதில் ஓசையோடு இறங்கும்.

கேட்டுப் படித்தல்

இத்தனை செய்தும் புரியவில்லை என்றால் கேட்டுப் படிக்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்தார். அப்போது அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். எத்தனையோ நூல்களைக் கற்ற ஐயருக்கு அந்தச் சமண காவியம் உடனே விளங்கவில்லை. அவர் நச்சினார்க்கினியர் உரையோடு போராடினார்; அவ்வூர்ச் சமணர்களிடமே சென்று பாடம் கேட்டார். 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். சைவச் சூழலில் வளர்ந்த ஒருவர், வேறு சமயத்தின் நூலை அந்தச் சமயத்தாரிடமே கேட்டறிந்தார். அத்தகைய பேரறிஞரே கேட்டுப் படித்தார் என்றால், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்க நமக்கென்ன கூச்சம்?

மனம் ஒப்பாவிட்டால்

இதுவரை சொன்னவை புரியாமல் நின்ற புத்தகங்கள். புரிந்தும் பிடிக்காமல் போனவை வேறு. மாதவனின் கடைத்தெருவில் சுமை தூக்குகிறவர்களும், திருடர்களும், போக்கிடம் இல்லாதவர்களும் வருகிறார்கள். “நம் தெருவில் நல்லவர்களே இல்லையா?” என்று வருத்தப்பட்டவர்களை நான் அறிவேன். நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இரணியல் செட்டிமார் குடும்பம் ஒன்றின் கதை. பெண்மைக் குறை உள்ளவள் என்று பழி சுமத்தி, நாகம்மை என்ற பெண்ணைக் கணவன் வீட்டார் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று சிலருக்குக் கோபம் வரும்.

வெளியூரில் வாழும் நமக்கு இந்தக் கூச்சம் கொஞ்சம் அதிகம். அயலார் முன்னால் நம்மவரைப் பற்றி நல்லது மட்டும் சொல்ல விரும்புகிறோம். அது இயல்பே. ஆனால் இந்தப் பக்கங்களையும் தள்ளிவிட்டால், இந்தக் கடைத்தெருவில் சுமை தூக்கியவரையும், நாகம்மையைப் போல வீட்டுக்குள் அழுதவரையும் நம் பேரப்பிள்ளைகள் எங்கே அறிந்துகொள்வார்கள்? கோபம் ஆறிய பிறகு, ‘ஆசிரியர் யாருடைய பக்கம் நின்று இதை எழுதுகிறார்?’ என்ற ஒரே கேள்வியோடு மறுபடி படித்துப் பாருங்கள். ‘தலைமுறைகள்’ நாவலைத் தழுவி 2010இல் ‘மகிழ்ச்சி’ என்ற திரைப்படமும் வந்தது. இளையோரை அதன் வழியாகவும் நாவலுக்கு அழைத்து வரலாம்.

எல்லாவற்றையும் முடிக்க வேண்டுமா?

வேண்டாம். இரண்டாம் முறையும் மனம் ஒட்டவில்லை என்றால் நிம்மதியாக மூடிவிடலாம். நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பதையும் ஒரு விதியாக வைத்தார். அந்த வாசகர் நாமாக இல்லாவிட்டால் வேறு வீட்டில் இருப்பார். அவரிடம் கொடுக்கலாம், நூலகத்துக்குக் கொடுக்கலாம். தராசுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம்.

வள்ளுவர், பண்புடையோர் நட்பு பழகப் பழக இன்பம் தருவதற்கு, படிக்கப் படிக்கச் சுவை தரும் நூலை உவமை சொன்னார். பழகுவதற்கு இரண்டாம் சந்திப்பு வேண்டுமே!

இந்த மாதம் உங்கள் அலமாரியிலிருந்து அப்படி ஒரு புத்தகத்தை எடுங்கள். பஸ் டிக்கெட் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதல் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். நாளுக்குக் கால் மணி நேரம் போதும். வீட்டில் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.