நரிவெங்காயமும் நல்ல வெங்காயமும்

இம்முறை பாடத்தை எங்கள் அடுப்படியிலிருந்து தொடங்குகிறேன்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நாங்கள் குடிவந்த புதிது. மழை ஓய்ந்த ஒரு மாலையில், மலையடிவாரப் பொட்டலிலிருந்து என் மகன் ஒரு வெள்ளைக் கிழங்கைத் தோண்டி வந்தான். உரித்தால் அடுக்கடுக்காக வந்தது. வெங்காயம்தானே என்று சாம்பாருக்கு அரிய உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தார். "வத்து அக்கா! அதி நக்க உல்லிகட்ட!"

தெலுங்கில் 'நக்க' என்றால் நரி. சித்தூரில் என் பாட்டி எச்சரித்த நரிவெங்காயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரு மொழியினரும் ஒரே பெயரால் பிள்ளைகளை எச்சரித்திருக்கிறார்கள்!

இதன் அறிவியல் பெயர் ட்ரிமியா இண்டிகா. கோடையில் இலையின்றிப் பூந்தண்டு நீளும். மழைக்குப்பின் இலை தழைக்கும். சாறு பட்டால் தோல் அரிக்கும். தின்றால் வாந்தி வரும், இதயத் துடிப்பு குலையும், உயிரும் போகலாம். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் இதன் உறவுச்செடி எலிநஞ்சாகப் பயன்பட்டது. சித்த மருத்துவத்தில் நரிவெங்காயத்துக்கு இடமுண்டு. ஆனால் அது மருத்துவர் கையில் மட்டுமே இருக்க வேண்டியது.

அப்படியானால் உண்மையான காட்டு வெங்காயம் எங்கே? இமயத்தின் உயர்மலைகளில் இருக்கிறது. உத்தராகண்டில் ஜம்பு என்றும், நேபாளத்தின் முஸ்தாங்கில் ஜிம்பு என்றும் சொல்வார்கள். அதன் இலையை உலர்த்தி, நெய்யில் பொரித்துப் பருப்புக்குத் தாளிப்பார்கள். நம் வெங்காயம், பூண்டைப் போல அதுவும் அல்லியம் இனம்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது மணம். அல்லியம் இனத்தின் இலையைக் கசக்கினால் கந்தகச் சேர்மங்களால் வெங்காய மணமோ பூண்டு மணமோ வீசும். நரிவெங்காயத்தில் அந்த மணம் இல்லை. அன்று நான் முகர்ந்து பார்க்கவே இல்லை!

ஆனால் மணத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. ஒன்றைக் கசக்கிய கையில் அடுத்த இலையும் அதுபோலவே மணக்கும். ஐரோப்பாவில் காட்டுப் பூண்டு என்று எண்ணி நச்சுச்செடி இலையைத் தின்று இறந்தவர்கள் உண்டு. மணம் இல்லையேல் தொடாதீர்கள். மணம் இருந்தாலும் அவ்வூர்ச் செடிகளை அறிந்தவரைக் கேளுங்கள்.

பிறந்த ஊரின் செடிகளைப் பாட்டி சொல்லித் தந்தார். குடியேறிய ஊரின் செடிகளை அண்டை வீட்டார்தான் சொல்லித்தர வேண்டும். அவர்கள் மொழியில் நான்கு சொல் கற்பது நம் பிள்ளைகளுக்கு நல்லது.

பயிற்சி: நீங்கள் வாழும் ஊரில் உள்ள மூன்று நச்சுச்செடிகளின் பெயரை அவ்வூர் மொழியில் கேட்டு எழுதுக. தமிழ்ப் பெயர் இருந்தால் அதனையும் பக்கத்தில் எழுதுக.